கடலுக்குப் போகாத நாட்கள்

போன வாரம் ஒரு பையன் கேட்டான். "டீச்சர், எப்பப் பாத்தாலும் மெதுவா ஓடு, மெதுவா ஓடுன்னே சொல்றீங்க. மெதுவா ஓடுனா எப்படி வேகம் வரும்?" ஈர மணலில் இடுப்பில் கையை ஊன்றி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். நியாயமான கேள்விதான். போலீஸ் தேர்வுக்குச் சில மாதம்தான் இருக்கிறது, அப்பா கடலுக்குப் போய்த்தான் அவன் வீடு நடக்கிறது, இந்த நேரத்தில் ஒருத்தி வந்து மெதுவாக ஓடு என்றால் யாருக்கும் பதறத்தான் செய்யும். அன்றைக்கு இரண்டு வார்த்தையில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன். அவனும் படிப்பான், மற்ற பிள்ளைகளுக்கும் உதவும்.

நான் உடற்கல்வி ஆசிரியை. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், தென்கடல் ஓரத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் போக, தினமும் காலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் இருபது பேர் வரை கூடுவார்கள். பாதிப் பேர் போலீஸ் வேலைக்குத் தயாராகிறவர்கள், சிலர் கபடிப் பையன்கள், அப்புறம் சர்க்கரை வந்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்ன மூன்று அக்காமார். காசு வாங்குவதில்லை. ஆனால் ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கேட்பேன், ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

என் அம்மா கடல்பாசி எடுக்கிறவர். இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பத்து விரலிலும் துணிக்கிழிசலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையோடு முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்துக்கொண்டு மேலே வருவார்கள். மூச்சு எடுத்ததும் மறுபடி உள்ளே. மணிக்கணக்கில் இப்படியே நடக்கும். அம்மா அதை மாசத்தில் 12 நாள்தான் செய்வார். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அப்போதுதான் நீர் நன்றாக வற்றும். மற்ற நாளில் பாசியைக் காயப் போடுவார், தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வார், மதியம் தூங்குவார். சின்ன வயதில் எனக்கு அது பிடிக்காது, பக்கத்து வீட்டில் தினமும் சம்பாதிக்கிறார்களே என்று இருக்கும். ஒரு நாள் கேட்டே விட்டேன். "நித்தம் போனா பாசியும் வளராதுத்தா, எனக்கும் தோளு நிக்காது" என்றார். அப்போது அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை. புரிய என் காலே உடைய வேண்டியிருந்தது.

கல்லூரியில் நான் 800 மீட்டர் ஓடினேன். அங்கே எங்களுக்குக் கிடைத்த பயிற்சியாளருக்கு ஒரே முறைதான் தெரியும், வாரத்தில் ஆறு நாளும் முழு வேகம். வாந்தி எடுத்தால்தான் அன்றைய பயிற்சி முடிந்ததாக அவர் கணக்கு. நடுவில் தண்ணீர் குடித்தால் திட்டு விழும். முதல் மாதம் நேரம் நன்றாகக் குறைந்தது, அதனால் நாங்களும் நம்பினோம். இரண்டாவது மாதம் கெண்டைக்காலுக்கு முன்னால், எலும்பின் உள்விளிம்பில் ஒரு வலி ஆரம்பித்தது. முதலில் ஓட ஆரம்பிக்கும்போது மட்டும் வந்தது, பிறகு ஓடி முடித்த பின்னும் இருந்தது, கடைசியில் மாடிப்படி ஏறும்போதே குத்தியது. ஒரு விரலை வைத்து இந்த இடம்தான் என்று காட்டக்கூடிய வலி. எலும்பில் மெல்லிய விரிசல். எட்டு வாரம் ஓடவில்லை, அந்த வருடப் போட்டி எல்லாம் போனது.

அந்த எட்டு வாரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். அம்மா சொன்னது அங்கே வேறு வார்த்தையில் இருந்தது. 1936-இல் ஹான்ஸ் செல்யே என்கிற விஞ்ஞானி, உடம்புக்கு ஒரு சோதனை வந்தால் முதலில் அது அதிர்கிறது, பிறகு தாக்குப்பிடிக்கப் பழகுகிறது, சோதனை ஓயாமல் தொடர்ந்தால் கடைசியில் சோர்ந்து விழுகிறது என்று எழுதினார். அவர் ஆராய்ந்தது எலிகளை, விளையாட்டு வீரர்களை அல்ல. பயிற்சி கொடுப்பவர்கள் பின்னாளில் அதைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். விஷயம் இதுதான்: ஓடும்போது உடம்பு பலம் பெறுவதில்லை, தேய்கிறது. ஓடி முடித்து, சாப்பிட்டு, தூங்கும்போதுதான் அந்தத் தேய்மானத்தை அடைத்து, அடுத்த முறைக்கு என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டுகிறது. அடைத்து முடிப்பதற்குள் மறுபடி தேய்த்தால் கட்டிடம் எப்படி எழும்பும்?

இதில் இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் பையன்களுக்குப் புரியவைக்கப் பெரும்பாடு படுகிறேன். உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. மூச்சும் இதயமும் இரண்டு மூன்று வாரத்திலேயே தேறிவிடும். தசைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் காலம். எலும்பும் தசைநாரும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு மாதம் ஆனதும் "மூச்சே வாங்கல டீச்சர், இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கூட்டுறேன்" என்று வந்து நிற்பார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்தான நேரம். மூச்சு சரி என்கிறது, எலும்பு இன்னும் வேலையை முடித்திருக்காது.

சரி, மெதுவாக ஓடினால் என்ன கிடைக்கும்? பேச்சு தடைப்படாத வேகத்தில் முக்கால் மணி நேரம் ஓடினால், இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுகிற ரத்தத்தின் அளவு நாளடைவில் கூடும், தசைக்குள் மெல்லிய ரத்தக் குழாய்கள் புதிதாக உண்டாகும், தசையணுக்களுக்குள் மூச்சுக்காற்றைக் கொண்டு சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா பெருகும். வேகமாக ஓடுவதற்கு அடியில் இருக்கிற தரை இதுதான். தரை உறுதியாக இருந்தால்தான் அதற்கு மேல் வேகப் பயிற்சியைத் தாங்கும், அதிலிருந்து சீக்கிரம் மீளவும் முடியும். உலகத் தரத்தில் ஓடுகிறவர்களே தங்கள் ஓட்டத்தில் பெரும்பங்கை இப்படி நிதானமாகத்தான் ஓடுகிறார்கள். நம் பிள்ளைகள் செய்கிற தப்பு, எல்லா நாளையும் நடுத்தர வேகத்தில் ஓடுவது. மெதுவான நாள் போதுமான அளவுக்கு மெதுவாக இருக்காது, வேக நாளில் முழு வேகம் எடுக்கக் காலில் சத்தும் இருக்காது.

இதற்கு வாட்ச், ஆப் எதுவும் வேண்டாம். நான் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்வேன். ஓடிக்கொண்டே "பதினாறேழு நூத்திப் பன்னெண்டு" என்று மூச்சு அறுபடாமல் வந்தால் அது மெதுவான ஓட்டம். வார்த்தை வார்த்தையாக உடைந்து வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். விடியற்காலையில் கரையோரம் நடக்கிறவர்கள், இருபது பேர் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஓடுவதை நின்று பார்ப்பார்கள்.

வாரத்தில் இரண்டு நாள்தான் வேகம். ஒரு நாள் நானூறு மீட்டரை நான்கைந்து முறை, நடுவில் இரண்டு மூன்று நிமிடம் நடை. இன்னொரு நாள் சாலையில் மின்கம்பக் கணக்கு, இரண்டு கம்பம் வேகம், மூன்று கம்பம் மெதுவாக, பிறகு அவரவர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 1930-களில் சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் கொண்டுவந்த முறை இது, ஃபார்ட்லெக் என்று பெயர், அவர்கள் மொழியில் வேக விளையாட்டு என்று அர்த்தம். காட்டுப் பாதையில் ஓட வைத்தாராம். நமக்குக் காடு இல்லை, உடைமரமும் கம்பமும்தான் இருக்கின்றன, அது போதும். மீதி நாள் நிதானம், ஒரு நாள் முழு ஓய்வு.

வேகத்துக்கும் கணக்கு வேண்டும். போலீஸ் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். நானூறு மீட்டர் டிராக்கில் அது மூன்றே முக்கால் சுற்று, அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி வரை இடம் இருக்கிறது. போன வருடம் ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஓடிப் பார்க்கச் சொன்னேன். ஒரு பையன் முதல் சுற்றை 75 விநாடியில் முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினான். இரண்டாவது சுற்றில் தோள் காது வரை ஏறிவிட்டது, தலை பின்னால் சாய்ந்தது, மூன்றாவது சுற்றில் கால் தூக்கவே வரவில்லை. 7 நிமிடம் 10 விநாடி. அவனிடம் திறமைக்குக் குறைவே கிடையாது. அடுத்த வாரம் முதல் சுற்றை நான் விசில் ஊதி 1 நிமிடம் 45 விநாடிக்குள் போகவே விடவில்லை, வேறு எதையும் மாற்றவில்லை, 6 நிமிடம் 40 விநாடியில் வந்தான்.

மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரையில் எல்லாரும் மணலில்தான் ஓடுகிறோம். கெட்டித் தரையில் ஓடுவதைவிட, அதே வேகத்தில் மணலில் ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று 1998-இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். அதனால் மணலில் ஓடினால் கால் பலம் பெறும் என்பது உண்மை. ஆனால் பொடிமணலில் குதிகால் ஆழமாகப் புதைகிறது, கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் கூடுதலாக இழுபடுகின்றன. புதிதாக வருகிறவர்கள் பொடிமணலில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவே கூடாது. அலை நனைத்து இறுகின மணல் நல்லது, அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கரை கடலைப் பார்த்துச் சரிவாக இருப்பதால் ஒரு கால் பள்ளத்திலும் ஒரு கால் மேட்டிலும் விழும். ஒரே பக்கமாக ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டுத் திரும்பி பஸ்ஸில் வரக் கூடாது, போன வழியிலேயே ஓடித் திரும்பினால் இரண்டு காலுக்கும் சமமாகும். கச்சான், அதாவது மேற்கிலிருந்து வருகிற காற்று, அடிக்கிற மாதங்களில் நாங்கள் முதலில் மேற்கே ஓடுவோம். புதுக் காலில் எதிர்காற்று, களைத்த காலுக்குப் பின்காற்று.

ஆனால் தேர்வு நடப்பது மைதானத்தில். கடைசி இரண்டு மாதம் வாரத்தில் இரண்டு முறையாவது கெட்டித் தரையில் ஓடியாக வேண்டும், எதைச் செய்கிறோமோ அதற்குத்தான் உடம்பு பழகும். என் அம்மாவே இதற்கு அத்தாட்சி. நீருக்கடியில் அவர் மூச்சடக்குவதைப் பார்த்தால் நமக்கு நெஞ்சு அடைக்கும், அதே அம்மா பஸ்ஸைப் பிடிக்க அரை ஃபர்லாங் ஓடினால் நின்று மூச்சு வாங்குவார். கடலில் மீன் மாதிரி நீந்துகிற பையன் ஓட்டத்தில் பின்தங்குவதும் இதனால்தான். அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை, இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதில் தினமும் மூன்று வரி எழுத வேண்டும். எழுந்தவுடன், படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன் மணிக்கட்டில் நாடித்துடிப்பு ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு. எத்தனை மணி நேரம் தூக்கம். நேற்று என்ன வேலை செய்தாய். மூன்றாவது வரிதான் எனக்கு முக்கியம். எங்கள் பையன்களில் நான்கு பேர் அப்பாவோடு விசைப்படகுக்குப் போகிறவர்கள், வாரத்தில் மூன்று நாள் ராத்திரி முழுக்க வலையோடு நின்றுவிட்டுக் காலையில் கரையேறுவார்கள். அதில் ஒருவன் போட்டிலிருந்து இறங்கி, ஐஸ் பெட்டியைச் சுமந்து வைத்துவிட்டு, நேராக ஓட வந்து நின்றான். கையில் வலைக்கயிறு அறுத்த தடம் அப்படியே சிவப்பாக இருந்தது. துடிப்பு வழக்கமாக 58, அன்றைக்கு 71. வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னேன். "ஒரு நாள் விட்டா போயிரும் டீச்சர்" என்றான். போகாது தம்பி. ஓட்டப் பழக்கம் குறைய ஆரம்பிப்பதற்கே இரண்டு வாரம் போல ஆகும், தசை பலம் அதைவிட நாள் தாங்கும். வலை இழுப்பதும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும், உடம்புக்கு இது சம்பளத்துக்கு, இது தேர்வுக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அவனுக்கு மட்டும் கடல் இல்லாத நாட்களில் பயிற்சி வைத்தேன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறதே, அதைத் தரை போடுகிற காலமாக்கி, நிதான ஓட்டத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் குறைத்து, மறுபடி கூட்டி. அம்மாவின் அமாவாசைக் கணக்கு மாதிரிதான்.

பலப் பயிற்சிக்கு ஜிம் கிடையாது. தண்டால், பஸ்கி, பூவரச மரக்கிளையில் தொங்கி ஏறுவது, கயிறு ஏற்றத்துக்குப் பழைய படகுக் கயிறு, உரச் சாக்கில் ஈர மணலைக் கட்டித் தூக்கி நடப்பது. சாக்கை மாதம் ஒருமுறை இரண்டு கிலோ கூட்டுவோம். இளவட்டக்கல் தூக்கினவர்களும் ஒரே நாளில் தோளுக்கு ஏற்றவில்லை, முழங்கால் வரை, தொடை வரை, நெஞ்சு வரை என்று படிப்படியாகத்தான் போனார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், காலில் அடிபட்ட வீரர்களை இப்படி எடையைச் சிறுகச் சிறுகக் கூட்டித்தான் தேற்றினார். எனக்கு வந்த கால் வலி பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்று, படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவதை எல்லாரையும் நாள் விட்டு நாள் செய்ய வைக்கிறேன்.

நம் கரையில் வெயிலைவிடப் புழுக்கம் மோசம். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், இங்கே அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். கோடை தொடங்கும்போது பத்துப் பதினான்கு நாள் உடம்புக்குப் பழக அவகாசம் கொடுத்து, வேகத்தைக் குறைத்துவிடுவேன். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. உப்புப் போட்ட நீராகாரத்தைவிட நல்ல பானம் எனக்குத் தெரியாது. தண்ணீர் குடிக்காமல் ஓடுவது வீரம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் ஓடி, டீயைக் குடித்துவிட்டு அப்படியே பள்ளிக்கோ வேலைக்கோ போகாதீர்கள். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்குகிறது, கண் கீழ் இமைக்குள் வெளுத்திருக்கிறது என்றால் அரசு மருத்துவமனையில் ரத்தம் பாருங்கள், பல பேருக்கு இரும்புச் சத்துதான் குறைவாக இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு ஓடினாலும் நேரம் இறங்காது. முருங்கைக்கீரை, மீன், கூடவே எலுமிச்சை, டாக்டர் கொடுத்தால் மாத்திரை. சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள், இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. பயிற்சி கூடக் கூட மாதவிலக்கு தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது, எலும்பு பலவீனமாவதும் அங்கேதான் ஆரம்பிக்கும். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் நோட்டில் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள், நான் புரிந்துகொள்வேன்.

கடைசியாக, தேர்வுக்கு முந்தின வாரம். அந்த வாரத்தில்தான் எல்லாருக்கும் பயம் வந்து கூடுதலாக ஓடுவார்கள். அந்த ஏழெட்டு நாளில் புதிதாக எந்தப் பலமும் வந்து சேராது, இருக்கிற பலம் வெளியே வரக் களைப்பு இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஓடுகிற தூரத்தைப் பாதியாக்குங்கள். வேகத்தை மறக்காமல் இருக்க ஒன்றிரண்டு நானூறு மீட்டர் மட்டும் ஓடுங்கள். கடைசி இரண்டு நாள் நடந்தால் போதும்.

வலைக்கயிறுத் தடத்தோடு வந்தானே, அவனுடைய அம்மா அந்த வாரம் எனக்கு போன் செய்தார். "டீச்சர், இவன் ஏழு மணி வரைக்கும் எந்திரிக்காமக் கெடக்கான். காய்ச்சல் கீய்ச்சலா இருக்குமோ? நெத்தி சுடல."

"இல்லக்கா. நான்தான் சொன்னேன். தூங்கட்டும்."